மருந்து குடிக்கிறவங்களுக்கு ஊசி கூடாதாம்!



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம். ஆனால் எங்கள் ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் அந்த நாலு நிமிட வொய்ஸை ஷெயார் பண்ணியவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். பேர் ஊர் சொல்லாத ஒருவருக்கு நாலு நிமிடம் கொடுத்தீர்கள். பதினெட்டு வருடமாக உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள்.

எங்கள் பாடசாலையில் ஒரு இளம் டீச்சர் இருக்கிறார். வயது 29. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பேரை மட்டும் விட்டுவிடுகிறேன். போன வருடம் அவருக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ் என்று கண்டுபிடித்தார்கள். வயது போன ஆட்களுக்கு வருகிற முழங்கால் தேய்மானம் இல்லை இது. எங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, மூட்டுகளின் உள்தோலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வருத்தம். காலையில் எழும்பினால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூட வரும். கிளினிக்கில் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கிற மாத்திரை. நாலு மாதத்தில் பிள்ளை தேறி, திரும்பவும் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார்.

போன கிளினிக்கில் டொக்டர் ஒரு வசனம் சொல்லியிருக்கிறார். இன்புளுவென்சா ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இந்த மருந்து குடிக்கிற உங்களுக்கு நல்லது என்று.

வீட்டுக்கு வந்தால் போனில் அந்த வொய்ஸ். "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து குடிக்கிறவங்க எந்த ஊசியும் போடக் கூடாது. போட்டா உடம்பு தாங்காது. போடத்தான் வேணும்னா மருந்தை மூணு மாசம் நிப்பாட்டணும்." மாமி ஒருவர் அனுப்பியது. அதே நாளில் இன்னும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள், எல்லாரும் அன்பில்தான். பிள்ளை என்ன செய்தது? டொக்டர் சொன்னதையும் மீறக் கூடாது, குடும்பம் சொன்னதையும் மீறக் கூடாது என்று, ஊசி போடுவதற்காக மருந்தை நிப்பாட்டிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. இது ஐந்தாவது கிழமை. திங்கட்கிழமை ஸ்டாப் ரூமில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. ஏனென்றால் நானும் அப்படித் தூக்கியவள்.

ஆம், எனக்கும் அதே வருத்தம்தான். பதினொரு வருடம். இதுவரை பேஸ்புக்கில் எழுதியதில்லை.

இப்போது அந்த வொய்ஸுக்கு வருவோம்.

அந்த வொய்ஸில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு தூரம் ஓடுகிறது. தடுப்பூசிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கிருமியைப் பலவீனப்படுத்தி உயிரோடு கொடுப்பது. சின்னமுத்துக்குப் போடுகிற எம்.எம்.ஆர், கொப்புளிப்பான் ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, போலியோ சொட்டு, பிறந்த பிள்ளைக்குப் போடுகிற பீ.சீ.ஜி. இவை எல்லாம் அந்த வகை. எங்களைப் போன்றவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும், அல்லது டொக்டர் கணக்குப் பார்த்துச் சொன்னால் மட்டும் போட வேண்டும். 2023இல் நாட்டில் சின்னமுத்து திரும்பி வந்ததே, அப்படியான நேரங்களில் இளவயதுக்காரர்களுக்கு ஊசி போட வந்தால் "நான் மெத்தோட்ரெக்ஸேட் குடிக்கிறேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

மற்றது, உயிருள்ள கிருமியே இல்லாதது. கிருமியைக் கொன்று, அல்லது அதன் ஒரு துண்டை மட்டும் எடுத்துச் செய்வது. கையில் போடுகிற இன்புளுவென்சா ஊசி, நிமோனியா ஊசி, ஏற்பு ஊசி, விசர்நாய் கடித்தால் போடுவது, கொரோனாக் காலத்தில் இலங்கையில் பெரும்பாலானோருக்குப் போட்ட சினோபார்ம், பிறகு பூஸ்டராகப் போட்ட பைஸர். இவற்றில் எதுவும் உடம்புக்குள் போய்ப் பெருக முடியாது. பெருக முடியாத ஒன்று எங்களுக்கு எப்படி நோயைத் தரும்?

வொய்ஸ்காரர் முதல் வகைக்குரிய எச்சரிக்கையை எடுத்து எல்லா ஊசிக்கும் பூசிவிட்டார். தெரியாமல் செய்தாரா, தெரிந்து செய்தாரா, அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில்.

"உடம்பு தாங்காது" என்பது அடுத்தது. இதை நான் வகுப்பில் சொல்லுவது போலச் சொல்கிறேன். ஊசி என்பது பாடம். எதிர்ப்புச் சக்தி என்பது பிள்ளை. மருந்து குடிக்கிற எங்கள் பிள்ளை கொஞ்சம் மந்தம். பாடம் முழுதாக ஏறாது. அறுபது ஏற வேண்டிய இடத்தில் நாற்பது ஏறும். அப்படியான பிள்ளையை வீட்டில் நிப்பாட்டிவிடுவோமா, அல்லது இன்னொரு தடவை சொல்லிக் கொடுப்போமா? ஊசி முழுதாக வேலை செய்யாமல் போகலாம் என்பதும், ஊசி ஆளைக் கொன்றுவிடும் என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு விடை இன்னொரு டோஸ், அல்லது சரியான நேரம் பார்த்துப் போடுவது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மேலதிகமாக ஒரு டோஸ் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதனால்தான்.

சரியான நேரம் என்றேனே, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் இதைச் சொல்லித் தர ஆள் இல்லாததால்தான் வொய்ஸ்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டை மூன்று மாதம் நிப்பாட்டச் சொல்லி எந்த வழிகாட்டியிலும் இல்லை. அமெரிக்க வாத நோய் மருத்துவர் கல்லூரி 2022இல் தந்த வழிகாட்டலில் உள்ளது இதுதான்: இன்புளுவென்சா ஊசிக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை நிப்பாட்டவே தேவையில்லை, வழமைபோல் குடிக்கலாம். உயிரற்ற மற்ற ஊசிகளுக்கு, வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால், ஊசி போட்ட பிறகு இரண்டு கிழமை நிப்பாட்டலாம். கவனியுங்கள், முன்னால் இல்லை, பின்னால். இங்கிலாந்தில் 254 பேரை வைத்து, கொரோனா பூஸ்டருக்குப் பிறகு இரண்டு கிழமை மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டுப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. விட்டவர்களுக்கு எதிர்ப்பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டாகியிருந்தது. அதே நேரம் விட்டவர்களில் கூடுதலானவர்களுக்கு மூட்டு வலி கிளம்பியது, பெரும்பாலும் அவர்களே வீட்டில் சமாளித்துக்கொண்டார்கள். ஆகவே இரண்டு கிழமை விடுவதா இல்லையா என்பதை உங்கள் கையைப் பிடித்துப் பார்க்கிற டொக்டர்தான் சொல்ல வேண்டும். நானும் சொல்ல முடியாது.

பிரெட்னிசொலோன் குடிப்பவர்கள் அதை ஒரு நாளும் திடீரென்று நிப்பாட்டக் கூடாது. ஊசிக்காகவும் கூடாது, நோன்புக்காகவும் கூடாது, வொய்ஸுக்காகவும் கூடாது. நீண்ட நாள் குடித்தால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும், சட்டென்று விட்டால் ஆள் விழுந்துவிடுவார். ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின், சல்பாசலசீன் குடிப்பவர்கள் எதையும் மாற்றத் தேவையில்லை.

ரிட்டுக்ஸிமாப் சேலைனில் ஏற்றுபவர்கள் மட்டும் உண்மையிலேயே நாள் பார்க்க வேண்டும். அது ஏற்றிச் சில மாதங்களுக்கு எந்தப் பாடமும் சரியாக ஏறாது. அதனால் அடுத்த முறை ஏற்ற வேண்டிய நாள் நெருங்கும்போது ஊசியைப் போட்டு, மருந்தைக் குறைந்தது இரண்டு கிழமை தள்ளி ஏற்றுவார்கள். இன்புளுவென்சா ஊசியை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடுவதில்லை, அது வருகிற பருவத்தில் போட்டுவிட வேண்டியது.

"ஊசி போட்டால் மூட்டு வலி கிளம்புமே?" கிளம்பலாம். எனக்குக் கிளம்பியது. இரண்டாவது டோஸுக்குப் பிறகு மூன்று நாள் மணிக்கட்டு இரண்டும் வீங்கி, பிறகு அடங்கியது. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்று நாள் வலியையும் நிமோனியாவையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். இந்த வருத்தக்காரர்களுக்குச் சாதாரண ஆட்களை விட நெஞ்சுக் கிருமி இலகுவாகப் பிடிக்கும், பிடித்தால் இலகுவாக விடாது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். அந்த வொய்ஸ் வந்த அதே குரூப்பில் இரண்டு மெசேஜ் கீழே, "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பானம், போத்தல் 1,800 ரூபா" என்று ஒரு விளம்பரம். எதிர்ப்புச் சக்தி வெறி பிடித்து ஆடுகிற வருத்தத்துக்கு அதை இன்னும் கூட்ட ஒரு பானம்! கருஞ்சீரகம் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். அது மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலையைச் செய்யும் என்று சொல்லாதீர்கள்.

இனி மனத்தாங்கலான பகுதி.

"எங்களை எரித்தவங்க தாற ஊசியை நம்பச் சொல்றீங்களா டீச்சர்?" 2021இல் என்னிடம் ஒருவர் கேட்டார். இன்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் கேலி பண்ண மாட்டேன். 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு எங்கள் மையித்துகளை எரித்தார்கள். இருபது நாள் பச்சைப் பிள்ளையைக் கூட எரித்தார்கள். நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று விஞ்ஞானத்தின் பேரில் சொன்னார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க விட்டார்கள், அதுவும் ஓட்டமாவடியில் மட்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பால் எந்த உம்மாவின் வயிறு குளிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் காயத்தை வைத்துக்கொண்டு சுகாதாரப் பகுதியை சந்தேகிப்பவரை "படிக்காத கூட்டம்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு பேச்சும் இல்லை. அந்த வார்த்தையைச் சொன்ன சக ஆசிரியர் ஒருவரோடு ஒரு தவணை முழுக்க நான் கதைக்கவில்லை.

ஆனால் சகோதரர்களே, ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தப் பத்து மாதமும் நாங்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினோம்? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலைத்தான். அடக்கலாம், ஆபத்தில்லை என்று அதில் இருக்கிறது, உலகமெல்லாம் அடக்குகிறார்கள், நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள் என்று பாராளுமன்றத்திலும் கேட்டோம், நீதிமன்றத்திலும் கேட்டோம், பேஸ்புக்கிலும் கேட்டோம். எரித்தவர்கள்தான் விஞ்ஞானத்தைப் பொருட்படுத்தவில்லை. நாங்கள் விஞ்ஞானத்தின் பக்கம் நின்றோம். பிறகு அதே நிறுவனம் ஊசி போடுங்கள் என்று சொன்னபோது, அது யூத சதி ஆகிவிட்டது. எப்படி?

இன்னொன்று. 2018 பெப்ரவரி, அம்பாறை. ஒரு சாப்பாட்டுக் கடையின் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை என்று ஒரு வீடியோ. மாத்திரை இல்லை, மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் அடிபட்டு முடிந்துவிட்டது. போனில் வந்ததை உண்மை பார்க்காமல் தட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் எங்களை விட யாருக்குத் தெரியும்? அந்த விரலால்தானே இந்த வொய்ஸையும் தட்டிவிட்டீர்கள்?

தவக்குல் பற்றிச் சொல்பவர்களுக்கும் ஒரு கேள்வி. உம்ராவுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுத்தானே போகிறீர்கள்? 1987 ஹஜ்ஜில் அந்த நோய் பரவிய பிறகு சவூதி அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கியது. ஊசி அட்டையை பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, இஹ்ராம் துணியோடு படமெடுத்துப் போடுகிறீர்கள். அப்போது யாரும் உடம்பு தாங்காது என்று வொய்ஸ் போடவில்லை. நான் சொல்கிற அந்த இளம் டீச்சர் வருகிற ரமழானில் உம்மாவோடு உம்ராவுக்குப் போக இருக்கிறார். இன்புளுவென்சா ஊசி கூடாது என்று தடுத்த அதே மாமிதான் மூளைக்காய்ச்சல் ஊசி எங்கே போடலாம் என்று விசாரித்துக் கொடுத்தவர்! அதுவும் உயிரில்லாத ஊசிதான், அவர் தாராளமாகப் போடலாம். மாமிக்கு அந்த வேறுபாடு தெரிந்து சொல்லவில்லை, மக்காவுக்குப் போக வேண்டும் என்றதால் பயம் வரவில்லை, அவ்வளவுதான்.

என் சாச்சியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது.

உம்மாவின் தங்கை. 63 வயது. எனக்கு இருக்கிற அதே வருத்தம், அதே மாத்திரை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் கிளினிக் போவோம், ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவோம். 2021 ஜூலையில் ஆசிரியர்களுக்கு ஊசி போட்டார்கள். நான் கிளினிக் டொக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். போடுங்கள் என்றார், போட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அப்போது எங்கள் குடும்பத்தில் ஊசிக்கு எதிராக இருந்த காற்று அப்படி. கையில் வீக்கம் தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டையோடு படுத்தேன்.

சாச்சியும் போடத்தான் போனார். ஊசி போட்ட இடத்தில் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, உங்கள் டொக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். கிளினிக் பூட்டு. மருந்தே தபாலில் வந்துகொண்டிருந்த காலம். கடிதத்துக்கு எங்கே போவது? அங்கே இருந்தவர் ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சாச்சிக்குச் சிங்களமும் அவ்வளவு வராது, வாதாடாமல் திரும்பிவிட்டார். வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், பார்த்தீர்களா, மருந்து குடிக்கிறவங்களுக்குக் கூடாது என்று அவங்களே திருப்பி அனுப்பிட்டாங்க, அல்லாஹ் பாதுகாத்தான் என்று. நான் அந்த ஹோலில் இருந்தேன். ஊசி போட்டு மூன்று கிழமை ஆன கையோடு இருந்தேன். "எனக்கும் அதே வருத்தம், நான் போட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏச்சுக்குப் பயந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

ஓகஸ்ட் கடைசியில் சாச்சி மவ்த்தானார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டது நாங்கள்தான், அதில் ஒரு கயிறு என் கையில் இருந்தது. ஜனாஸா ஓட்டமாவடிக்குப் போனது. இரண்டு பேர்தான் போக முடிந்தது. நான் இன்னும் அந்த கப்ரைப் பார்க்கவில்லை.

இதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன். வொய்ஸ்காரர் மேல் பாதி, என் மேல் பாதி.

சுகாதாரப் பகுதியில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களுக்கும் சொல்ல இருக்கிறது. கிளினிக்கில் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கூடக் கிடைப்பதில்லை, எங்களுக்கும் தெரியும், உங்களைத் திட்டவில்லை. ஆனால் "ஊசி போடுங்கள்" என்று சொல்லும்போது எந்த ஊசி, மாத்திரையை என்ன செய்வது என்று இரண்டு வரி தமிழில் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு வரி இல்லாத இடத்தைத்தான் வொய்ஸ் நிரப்புகிறது. எழுதித் தந்தால் மொழிபெயர்க்க நாங்கள் இருக்கிறோம், காசு வேண்டாம். இன்புளுவென்சா ஊசியையும் நிமோனியா ஊசியையும் எங்களைப் போன்றவர்கள் சொந்தக் காசில்தான் தேடிப் போட வேண்டியிருக்கிறது. வசதியில்லாத ஒரு உம்மா என்ன செய்வார் என்பதையும் யோசியுங்கள். சகாத் கமிட்டிக்காரர்களே, உங்களுக்கும்தான். மருந்துக்குக் கொடுக்கிறீர்கள், அல்லாஹ் கூலி தரட்டும். வருடத்துக்கு ஒரு ஊசிக்கும் கொடுக்கலாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. எங்களுக்குப் பாடம் பாதிதான் ஏறும் என்பதால், எங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் போடுவது எங்களுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் வாதக்காரர் இருக்கிறார் என்று பிள்ளைக்கு எம்.எம்.ஆர் போடாமல் விடாதீர்கள். பிள்ளைக்குப் போடுவதால் எங்களுக்கு ஆபத்தில்லை, போடாமல் விட்டால்தான் சின்னமுத்து வீட்டுக்குள் வரும். போலியோ சொட்டுக் குடித்த பேரப்பிள்ளையின் அணையாடையை மட்டும் வேறு யாராவது மாற்றட்டும், நீங்களே மாற்ற வேண்டி வந்தால் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

கொமெண்ட்டில் ஏசுபவர்கள் ஏசலாம், அழிக்க மாட்டேன். ஆனால் அந்த வொய்ஸில் பேசுகிறவரின் பேரும் அவர் எந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார் என்பதும் தெரிந்தவர்கள் முதலில் அதை எழுதிவிட்டு ஏசுங்கள். ஷெயார் பண்ணிய நானாமார், ராத்தாமார் எந்த குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில் "நான் போட்டது பிழை" என்று ஒரு வரி போடுங்கள். டிலீட் மட்டும் பண்ணினால் போதாது, கேட்டவர்களின் காதில் அது இன்னும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவருக்குக் கிளினிக். நானும் கூடப் போகிறேன், அரை நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மருந்தை நிப்பாட்டியதற்கு டொக்டர் ஏசுவாரா என்று கேட்டார். ஏசினால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.